குண்டுக்குத் தப்பிய போன்சாய்

பணி ஓய்வுக்குப் பின் மொட்டை மாடியில் ஓர் ஆலங்கன்றைப் போன்சாயாக வளர்த்து வருகிறேன். 16 வயது, உயரம் இரண்டு சாண். பக்கத்தில் துணைக்குச் சின்னக் கிண்ணத்தில் கோரைப்புல்.

"நமக்கப்புறம் இதுக்கு யாருங்க தண்ணி ஊத்துவாங்க?" என்று மனைவி கேட்டாள். பதிலுக்கு இந்தக் கதையைச் சொன்னேன்.

ஹிரோஷிமாவில் மசாரு யமாகி என்பவரின் குடும்பத்தார் தலைமுறைகளாகப் போன்சாய் வளர்த்தவர்கள். அவர்களிடம் இருந்த ஒரு வெள்ளைப் பைன், 1625-ஆம் ஆண்டிலிருந்தே போன்சாயாக வளர்ந்து வந்தது. 1945 ஆகஸ்ட் 6 காலை அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து அவர்கள் வீடு சுமார் 3 கிலோமீட்டர். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. வீட்டார் பிழைத்தார்கள், உயரமான மதிலின் மறைவில் இருந்த மரமும் பிழைத்தது.

1976-ல் அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-ஆம் ஆண்டை ஒட்டி ஜப்பானிலிருந்து அன்பளிப்பாகச் சென்ற 53 போன்சாய்களில் அதுவும் ஒன்று. குண்டு போட்ட நாட்டுக்கே கொடுத்தார் யமாகி! 2001-ல் அவருடைய பேரன்கள் இருவர் வாஷிங்டனுக்கு மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் இந்த விவரம் வெளியே தெரிந்தது.

அந்த மரத்துக்கு இன்று தண்ணீர் ஊற்றுபவர்கள் யமாகியின் உறவினர்கள் அல்லர்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவளே குவளையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.