எலி பிடிப்பும் பாம்பு மீட்பும்: எதில் தொடங்குவது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் பரவனாறு பெருகிப் பெருமாள் ஏரி நிரம்பினால் குறிஞ்சிப்பாடி வட்டார வயல்களில் எலி வளைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். எலி மேட்டைத் தேடி வரப்புக்கும் வீட்டுக்கும் ஏறும். இரையைத் தேடிப் பாம்பும் வரும். வயல்காரர் எலி பிடிப்பவரைத் தேடுவார். வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்துக்கோ பாம்பு பிடிப்பவருக்கோ போன் போடுவார். இத்தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்களின் கண் பாம்பின் மேலேயே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால், எலியில் தொடங்குவதே சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் கைத்திறன். எலி பிடிப்பவருக்குத் தடம் பார்க்கத் தெரிய வேண்டும். வளை வாயில் ஈர மண் புதிதாகத் தள்ளியிருந்தால் உள்ளே எலி உண்டு. சிலந்தி வலை பின்னியிருந்தால் அது ஆளில்லாத வளை. தப்பியோடும் துளைகளை அடைத்த பிறகே வெட்ட வேண்டும். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் கிட்டியை எலி நடக்கும் பாதையறிந்து சாயங்காலம் வைத்து, விடிந்ததும் எடுக்க வேண்டும். பாம்பு மீட்பவருக்கு வேண்டியது பதற்றமின்மை. பையின் வாயில் ஒரு குழாயைச் செருகித் தரையோடு வைத்தால், இருட்டைத் தேடும் பாம்பு தானாகவே உள்ளே போகும். கொக்கியால் மெல்லத் திசை காட்டினால் போதும். வாலைத் தூக்கிக் காட்டுவதும் கழுத்தைப் பிடித்து வீடியோ எடுப்பதும் மீட்பில் சேராது.

ஆபத்து இரண்டிலும் உண்டு. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் ஒரு தவறைக்கூட மன்னிக்காதவை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. எலி பிடிப்பவரின் ஆபத்து வெளியே தெரியாது: எலிக் காய்ச்சல், எலிக்கடி, வளைக்குள்ளேயே படுத்திருக்கும் பாம்பு. எலியை வெளியேற்ற மண்பானைப் புகையை வளைக்குள் வாயால் ஊதி ஊதி உதடு வெந்து, நெஞ்சு கெட்ட இருளர் பழங்குடியினர் பலர். அவர்களுக்காகக் கையால் சுற்றும் இரும்புப் புகைக்கருவியைக் கொண்டுவந்த தமிழ்நாட்டுத் திட்டம் ஒன்று 2003-இல் உலக வங்கியின் பரிசைப் பெற்றது.

சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. வயல் எலியைப் பிடிக்க அனுமதி தேவையில்லை. பாம்புக்கோ, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிப்பதும் வேட்டைக்குள் அடங்கும். ஆகவே வனத்துறை அனுமதியில்லாமல் பாம்பைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

வருமானத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. எலிக்கு எண்ணிக்கைப்படி கூலி உண்டு. வளையில் எலி சேர்த்த நெல்லும் கிடைக்கும். ஆனால் அது பருவ வேலை. பாம்பு மீட்புக்குப் பெரும்பாலும் நன்றியும் பெட்ரோல் காசும்தான். பாம்பு பிடிப்பதை நிலையான பிழைப்பாக்கியது 1978-இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டபின், வனத்துறை அனுமதிக்கும் அளவுக்குப் பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, காட்டில் திரும்ப விடுவதே அவர்கள் தொழிலாயிற்று. அந்த விஷம் முறிமருந்தாகி உயிர் காக்கிறது.

இரண்டு தொழிலுக்கும் அடிப்படை ஒன்றே என்பதற்கு அந்த இருளர்களே சான்று. 2017-இல் அவர்களில் இருவரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகித் தொல்லை தந்த பர்மிய மலைப்பாம்புகளில் 13-ஐ இரண்டு வாரத்துக்குள் பிடித்துக் கொடுத்தார்கள். பழகாத மண்ணிலும் அவர்களுக்குக் கைகொடுத்தது தடம் படிக்கும் பயிற்சிதான். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

வீட்டில் பிடித்த பாம்பைக் கொண்டுபோய் விட்டாலும் அங்கே எலி இருக்கும்வரை அடுத்த பாம்பு வரும். எலி குறைந்தால் வயலுக்கும் லாபம், வீட்டுக்கும் நிம்மதி, பாம்புக்கும் அடி விழாது. ஆகவே தொழிலுக்கு வருபவர் சில பருவங்கள் மூத்த எலி பிடிப்பவரோடு வரப்பில் நடக்கட்டும். பிறகு வனத்துறையின் அனுமதியோடு பாம்புக்கு வரட்டும். ஊராட்சிகளும் விவசாயிகள் சங்கங்களும் இவர்களுக்கு ஆண்டு முழுவதும் கூலியும், கையுறையும், காப்பீடும் தர வேண்டும். கைதட்டலை நம்பி யாரும் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.