சுந்தரி அருகிய சுந்தரவனம்

கொல்கத்தாவில் ‘சுந்தர்பன்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தில்லை நினைவுக்கு வரும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லைவனம் இன்று நகரில் இல்லை. அம்மரத்தைக் காணப் பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். பெயர் நிலைத்துவிட்டது, காடு விலகிவிட்டது. வங்கத்திலும் அதுவே நிகழ்ந்து வருகிறது.

சுந்தரவனம் என்ற பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டு. எனினும் சுந்தரி மரத்திலிருந்து வந்தது என்பதே பலரும் ஏற்கும் கருத்து. கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த டேவிட் பிரெய்ன் 1903இல் வெளியிட்ட இப்பகுதித் தாவரத் தொகுப்பின் தலைப்பில் ‘சுந்த்ரிபன்ஸ்’ என்றே எழுதினார். அந்த எழுத்துக்கூட்டிலேயே மரத்தின் பெயர் ஒலிக்கிறது.

சுந்தரி அலையாத்தி இனமே ஆயினும் மிகுந்த உப்பைத் தாங்காது. நன்னீர் கலந்த ஓதநீரே அதற்கு உகந்தது. கங்கையின் பெருவெள்ளம் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே கிழக்கே பத்மாவின் வழி திரும்பிற்று. வித்யாதரி தூர்ந்தது, மாதலா கடல்நீரையே சுமக்கும் கழியாயிற்று. எனவே இந்தியப் பகுதியில் சுந்தரி அருகியது. அது செழித்திருந்த வங்கதேசப் பகுதியிலோ நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும் ‘நுனிக்கருகல்’ நோய் பரவியது. பூஞ்சை, துளைப்பான் பூச்சி, வண்டல் படிவு எனப் பல காரணங்கள் கூறப்படினும், உவர்ப்பு மிகுதல் அவற்றுள் முதன்மையாகப் பேசப்படுகிறது. 1975இல் இயங்கத் தொடங்கிய பராக்கா அணை, கல்கத்தாத் துறைமுகம் தூர்ந்துவிடாதிருக்க ஹூக்ளிக்கு நீரைத் திருப்பியது. அதனால் கோடைக்காலத்தில் பத்மாவில் நீர் குறைந்தது. இன்று சுந்தரி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் அழியும் நிலையிலுள்ள இனம்.

அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தை அழித்த பூஞ்சை 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. வெளியிலிருந்து வந்த நோய் அது. ஆகவே நோயைத் தாங்கும் கலப்பினத்தைத் தேடுவது அங்கே பொருத்தமான வழி. சுந்தரியின் நோய்க்கோ ஆற்றையும் சேர்த்தே மருந்து தேட வேண்டும்.

2020 மே மாதம் ஆம்பன் புயல் தாக்கிய பின், 5 கோடி அலையாத்திக் கன்றுகள் நடப்படும் என்று மேற்கு வங்க அரசு அறிவித்தது. கரையைக் காக்க அது தேவையே. ஆனால் உவர்ப்பு மிகுந்த சேற்றில் நிலைப்பவை உப்பைத் தாங்கும் இனங்கள். கன்றுகளின் எண்ணிக்கை உயர்வதால் மட்டும் சுந்தரி திரும்பிவிடாது.

இங்கே பிச்சாவரம் ஒரு பாடம் தருகிறது. காலனியக் காலத்தில் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டியதால் வெயில்பட்டு நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு ஏறியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் இணைந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை ஓடவிட்டனர். அதன்பின் கன்றுகள் நிலைத்தன. முதலில் நீர், பிறகு மரம் என்பதே அங்கே பின்பற்றிய வரிசை.

ஆனால் சுந்தரிக்குத் தேவையான வாய்க்காலை ஓர் ஊர் மட்டும் வெட்டிவிட முடியாது. சனவரி முதல் மே வரை பராக்காவில் கங்கை நீரைப் பகிரும் இந்திய–வங்கதேச உடன்படிக்கை 1996 டிசம்பரில் 30 ஆண்டுகளுக்குக் கையெழுத்தானது. அதன் காலவரை 2026. அடுத்த உடன்படிக்கையில் துறைமுகத்துக்கும் வயலுக்கும் பங்கு கேட்கப் பலர் இருப்பர். காட்டுக்கும் ஒரு பங்கு கேட்கப்படுமா என்பதே என் வினா. நீரியல், வனவியல் துறை நண்பர்கள் தம் கருத்தைப் பகிர்ந்தால் மகிழ்வேன்.