'அஃபேர்ம்': ஒரு சொல்லின் வழக்கு

உறுதிபடக் கூறுதலைக் குறிக்க ஆங்கிலத்திற் சொற்கள் பல உள. அவற்றுள் 'அஃபேர்ம்' என்பதன் வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. 'உறுதியான' எனப் பொருள்படும் இலத்தீன் அடியிற் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த சொல் அது. பொதுவழக்கில் ஒன்றை ஐயமின்றிச் சொல்வதைக் குறிக்கும். நீதிமன்றத்திலோ, கடவுள்மீது ஆணையிடாமல் உண்மை கூற உடன்படுவதைக் குறிக்கும். இவ்விரண்டாம் பொருளுக்காக மனிதர் சிறைசென்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

சத்தியமே செய்யலாகாது என்ற இயேசுவின் போதனையை அப்படியே கைக்கொண்ட குவேக்கர்கள், 17ஆம் நூற்றாண்டில் ஆணையிட மறுத்துத் தண்டனை பெற்றனர். 1695ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு உறுதியுரைக்கும் உரிமையை அளித்தது. ஆயின் குற்றவழக்கிற் சாட்சி சொல்லவோ, யூரராக அமரவோ, அரச பதவி வகிக்கவோ அவ்வுறுதியுரை போதாதென அதே சட்டம் விதித்தது. அவர்தம் சொல்லைச் சட்டம் அரைவாசியே நம்பியது! குவேக்கரான யோசப் பீஸ் உறுதியுரைத்துக் கொமன்ஸ் சபையில் அமர 1833 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாத்திகரின் நிலை இன்னும் இடர்மிக்கது. 1869, 1870ஆம் ஆண்டுகளின் சாட்சியச் சட்டங்கள் நீதிமன்றத்தில் அவர்களும் உறுதியுரைக்க வழிசெய்தன. அவற்றை ஆதாரமாகக் கொண்டு, 1880இல் நோர்தாம்டன் தொகுதியில் வென்ற சாள்ஸ் பிராட்லோ சபையிலும் அவ்வுரிமையைக் கோரினார். சபை மறுத்தது. அவ்வாறாயின் ஆணையே இடுகிறேன் என்றார். நம்பாதவன் இடும் ஆணை ஆணையாகாது என அதையும் மறுத்தது. சபையைவிட்டு வெளியேற மறுத்தமைக்காக மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஓரிரவு அடைத்தும் வைத்தது. ஆணையிட்டபின் பொய்யுரைத்த உறுப்பினர் எத்தனைபேர் என்று மட்டும் அங்கு எவரும் கேட்டிலர்.

சப்பாத்துத் தொழிலாளர் நிறைந்த நோர்தாம்டன் மக்கள் 1881, 1882, 1884 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் அவரையே தெரிந்தனுப்பினர். வாக்காளர் நான்குமுறை கூறிய உறுதியைச் சபை செவிமடுத்திலது. 1883இற் கிளாட்ஸ்டனின் அரசாங்கம் கொணர்ந்த உறுதியுரை மசோதா மூன்றே வாக்குகளால் வீழ்ந்தது. ஈற்றில் 1886இல் பிராட்லோ சபையேறியதும் ஆணையிட்டேதான். 1888இல் அவரே முன்னின்று நிறைவேற்றிய சட்டம், மதநம்பிக்கை இல்லாதோரும், ஆணையிடல் தம் மதத்திற்கு முரணெனக் கருதுவோரும் உறுதியுரைக்க வழிதிறந்தது.

இலங்கையில் 1895ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள் முதலியோர் ஆணைக்குப் பதிலாக உறுதியுரைக்க இடமளித்தது. மதம் சாராது நின்று உண்மை கூறும் உரிமைக்காகப் பிராட்லோ ஆறாண்டுகள் போராடினார். நாம் சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிடும் சத்தியக்கடதாசியோ, இன்றும் பெரும்பாலும் நம் மதத்தின் பெயரைச் சொல்லியே தொடங்குகின்றது.