முதல் லெவலுக்கு எந்தப் பூதம்?

1974ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று ஒல்லிப் புத்தகங்கள். விலை 10 டாலர், அச்சடித்தது 1,000 பிரதி. அதுதான் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் எழுதிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். இன்று கம்ப்யூட்டர் கேம்களில் லெவல், ஹிட் பாயிண்ட் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற பல வார்த்தைகள் அந்தப் பெட்டியின் வழியாகத்தான் பரவின.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் ஒரு நிலவறையைக் கற்பனை செய்து வரைபடம் போட்டு வைத்துக்கொள்வார். மற்றவர்கள் போர்வீரன், மந்திரவாதி, பூசாரி என்று ஆளுக்கொரு வேடம் ஏற்று, வாயால் சொல்லிச் சொல்லியே அதற்குள் நுழைவார்கள். சந்தேகம் வந்தால் பகடை உருட்டித் தீர்ப்பார்கள். நிலவறையை நடத்துபவர் முன்னால் உள்ள முதல் கேள்வி, கதவைத் திறந்ததும் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது.

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் 1974 விதிகளின்படி புது மந்திரவாதிக்கு உயிர் என்பது ஆறுமுகப் பகடையின் ஒரு உருட்டு. போர்வீரனுக்கு அதற்கு மேல் ஒன்று கூடுதல், அவ்வளவுதான். எதிரியின் அடிக்கும் அதே ஆறுமுகப் பகடை. ஆக, ஒரே அடியில் ஆள் காலி. மூன்று மணி நேரம் உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைத்த கதாபாத்திரம், முதல் கதவிலேயே செத்துப்போனால் அந்தப் பையன் அடுத்த வாரம் ஆட வருவானா?

முதல் புத்தகங்கள் தந்த விடை ரொம்ப எளிமை: ஆழம்தான் ஆபத்து. நிலவறையின் முதல் தளத்தில் சின்னப் பூதங்கள், கீழே இறங்க இறங்கப் பெரியவை. கோபால்டுக்கு அரைப் பகடை உயிர், கோப்ளினுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு, ஓர்க்குக்கு ஒன்று, ஹாப்கோப்ளினுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் அதிகம், நால் என்ற கழுதைப்புலி மனிதனுக்கு இரண்டு, பக்பேருக்கு மூன்றுக்கு மேல். உற்றுப் பார்த்தால் எல்லாம் ஒரே ஆசாமிதான். கிளார்க்கிலிருந்து மேனேஜர் வரை பதவி உயர்வு வாங்கியிருக்கிறான். இந்த வரிசையின் கடைக்குட்டியான கோபால்டுக்கு மட்டும் பெரிய பூர்வீகம் உண்டு. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள், உருக்கினால் வெள்ளி வராமல் விஷப்புகை மட்டும் கக்கிய தாதுவைக் கோபால்ட் பூதத்தின் வேலை என்று திட்டினார்கள். கோபால்ட் என்ற உலோகத்துக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு புதிர். இவ்வளவு மெலிந்த ஆட்களை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் எப்படித்தான் ஆடினார்கள்? விடை பூதங்களின் பட்டியலில் இல்லை, வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது.

1981ல் டாம் மோல்ட்வே திருத்தி எழுதிய அடிப்படைப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு போர்வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஓர்க் ஒன்றைக் கொன்றால் 10 புள்ளி. (1974ல் அது 100 ஆக இருந்தது. அடுத்த ஆண்டே கிரேஹாக் என்ற துணைநூலில் ஒரேயடியாக வெட்டிவிட்டார்கள்.) நான்கு போர்வீரர்கள் சேர்ந்து போனால் மொத்தம் 8,000 புள்ளி, அதாவது 800 ஓர்க்குகள்! ஒரே அடியில் செத்துப்போகிறவன் 800 ஓர்க்குகளை எங்கே கொல்வது? ஆனால் நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டு வரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு புள்ளி உண்டு. 8,000 காசு கிடைத்தால் ஒரு ஓர்க்கையும் தொடாமலே நால்வரும் மேலே போய்விடலாம்.

அதாவது அந்த ஆட்டத்தில் காசுதான் வருமானம், பூதம் வெறும் செலவு. செலவைத் தவிர்ப்பவன்தான் புத்திசாலி. விதிகளும் அதற்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தன. எதிரில் வருவது என்ன மனநிலையில் இருக்கிறது என்று பார்க்க இரண்டு பகடை உருட்டுவார்கள். கூட்டுத்தொகை 2 வந்தால்தான் உடனடித் தாக்குதல், அதாவது 36ல் ஒரு வாய்ப்பு. 12 வந்தால் நட்பு. நடுவே முறைப்பு, தயக்கம், பேரம் எல்லாம் உண்டு. சண்டை தொடங்கிய பிறகும் துணிச்சல் எண் என்று ஒன்று இருந்தது. கோபால்டுக்கு 6. கூட்டத்தில் முதல் ஆள் விழுந்ததும் இரண்டு பகடை உருட்டி, 6க்கு மேல் வந்தால் ஓட்டம். கணக்குப் போட்டால் பாதிக்கு மேற்பட்ட தடவை ஓடத்தான் செய்யும். எலும்புக்கூட்டுக்கோ 12, அது ஓடவே ஓடாது. ஆனால் பூசாரி அதை மந்திரம் சொல்லி விரட்டலாம். ஒவ்வொரு சின்னப் பூதத்திடமும் தப்பிக்க ஏதோ ஒரு வழி இருந்தது. ஆரம்ப ஆட்டக்காரர்களுக்கான பூதத்தின் இலக்கணமே இதுதான். பலவீனமாக இருப்பது இரண்டாம்பட்சம்.

சும்மா நின்று நேரம் கடத்தினாலும் ஆபத்து. இருபது நிமிட நிலவறை நேரத்துக்கு ஒரு முறை பகடை உருட்டுவார்கள். ஆறில் ஒரு வாய்ப்பில் சுற்றித் திரியும் பூதம் ஒன்று வந்து சேரும். அதனிடம் பெரும்பாலும் காசும் இருக்காது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

பலத்தை வைத்து மட்டும் பூதத்தை அளக்க முடியாது என்பதற்கு இன்னொரு சாட்சி துருப்பூதம். ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட் ஒன்றிலிருந்து கைகாக்ஸ் எடுத்த விசித்திர உருவங்களில் அதுவும் ஒன்று. ஆந்தைக்கரடியும் அதே பாக்கெட்தான். துருப்பூதம் ஆளைக் கொல்லாது. தொட்டால் வாளும் கவசமும் துருவாகிவிடும், அதைத் தின்றுவிட்டுப் போகும். வியாபாரி பாஷையில் சொன்னால் முதலுக்கே மோசம். ஓர்க் கூட்டத்தைக் கண்டு சிரித்த வீரர்கள் இதைக் கண்டு ஓடியிருக்கிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்கவே 1979ல் ஒரு புத்தகம் வந்தது. மைக் கார் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் தி அன்நோன்'. நிலவறையின் அறைகளை விவரித்துவிட்டு, பூதம் என்ற இடத்தையும் புதையல் என்ற இடத்தையும் காலியாக விட்டிருப்பார்கள். பின்னால் ஒரு பட்டியல் இருக்கும். நடத்துபவரே பார்த்து நிரப்ப வேண்டும். நல்ல பயிற்சிதான், ஆனால் ஏன் இந்த அறையில் இந்தப் பூதம் என்ற கேள்விக்குப் பட்டியல் பதில் சொல்லாது.

அந்தக் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொன்னது கைகாக்ஸே எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'. ஒரு பள்ளத்தாக்கு, சுற்றிலும் குகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம். கோப்ளின்கள் தாக்கப்பட்டால், பக்கத்துக் குகை ராட்சதனுக்கு 250 தங்கக் காசு மூட்டையை வீசி உதவிக்குக் கூப்பிடும். பூதங்களுக்குள்ளும் ஒரு பொருளாதாரம்! அது தெரிந்துவிட்டால் சண்டை போடுவதைவிடக் கூடுதல் விலை பேசுவது மேல் என்று ஆட்டக்காரர்களுக்குத் தோன்றும். ஆனால் அதே குகைகளில் சண்டை போடாத பெண்களும் குட்டிகளும் இருப்பதாகவும் எழுதியிருந்தார். அவர்களை என்ன செய்வது? பத்துப் புள்ளிக்காகக் கூட்டத்தைத் தீர்த்துக்கட்டிய பதின்மூன்று வயதுப் பையன்கள், அந்த அறை வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது. இந்தக் கேள்வி அதன்பின் ஆட்டத்தை விட்டுப் போகவே இல்லை.

கோபால்டுக்கும் ஒரு நாள் வந்தது. 1987 நவம்பர் டிராகன் இதழில் ஆசிரியர் ரோஜர் மூர் 'டக்கரின் கோபால்டுகள்' பற்றி எழுதினார். உயர் லெவல் வீரர்களையே தீ வைத்தும், குறுகிய வழிகளில் மடக்கியும், பொந்துகளுக்குள் மறைந்து தாக்கியும் அலற விட்ட கோபால்டுகள். அரைப் பகடை உயிர் அப்படியே இருந்தது, இடமும் மூளையும்தான் மாறியிருந்தன.

பிறகுதான் கணக்கு தலைகீழானது. 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் காசுக்குப் புள்ளி என்பது விருப்ப விதியாக ஒதுங்கியது. 2000ல் வந்த மூன்றாம் பதிப்பில் எதிரியை வென்றால்தான் புள்ளி. அதுவரை செலவாக இருந்த பூதம் ஒரே நாளில் வருமானமாகிவிட்டது. வருமானம் என்றால் வெல்லக்கூடியதாக இருந்தாக வேண்டும் இல்லையா? அதனால் ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு சவால் எண் வந்தது. நான்கு பேர் கொண்ட குழுவின் லெவலும் அந்த எண்ணும் சமமாக இருந்தால், சண்டை அவர்களுடைய வளத்தில் சுமார் 20 சதவீதத்தைத் தின்னும் என்றது புத்தகம். பட்ஜெட் போட்டுப் பூதம் வாங்கும் காலம். 2014 பதிப்பின்படி அதே நான்கு பேர் இரண்டாம் லெவலுக்குப் போக 1,200 புள்ளி, ஓர்க்குக்கு 100. பன்னிரண்டு ஓர்க் போதும். 800 எங்கே, 12 எங்கே!

வேடிக்கை என்னவென்றால், அந்த 2014 பதிப்பின் தொடக்கப் பெட்டியில் இருந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்' சாகசம் நான்கு கோப்ளின்களின் பதுங்கித் தாக்குதலோடு தொடங்குகிறது. நான்கு கோப்ளினுக்கு 200 புள்ளி, கூட்டமாக வருவதால் இரண்டால் பெருக்கினால் 400. நான்கு புது ஆட்களுக்கு 400 என்பது அதே பதிப்பின் விதிநூலே உயிராபத்து என்று போட்ட எல்லைக்கோடு. புதியவர்களின் முதல் சண்டை! எழுதியவர்கள் சமாளித்திருக்கும் விதம் பழைய பாணி. மூன்று கோப்ளின் விழுந்தால் நான்காவது ஓடும். ஆட்டக்காரர்கள் தோற்றால் கோப்ளின்கள் கொல்லாமல் பொருளை மட்டும் பறித்துக்கொண்டு போய்விடும். புதிய கணக்கு கைவிட்ட இடத்தில் பழைய வாசல்தான் காப்பாற்றுகிறது.

2024ல் வந்த திருத்தப் பதிப்பில் அந்தப் பெருக்கலே நீக்கப்பட்டது. ஓர்க் இப்போது ஆட்டக்காரர்கள் தாங்களே ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு இனம். அடுத்த ஆண்டு வந்த பூதங்கள் நூலில் ஓர்க்குக்கென்று தனிப் பக்கம் கிடையாது. பழைய சாகசத்தில் ஓர்க் என்று எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக ஒரு சாதாரண அடியாளின் எண்களைப் பயன்படுத்தச் சொல்கிறது நூலின் கடைசியில் உள்ள மாற்றுப் பட்டியல்.