எடை என்பது யாது? யூனிக்ஸ் மேசைத்தளங்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

யூனிக்ஸ் மரபில் வந்த திறமூல இயங்குதளங்களுள் ஃப்ரீபிஎஸ்டி தனித்த இயல்புடையது. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பி.எஸ்.டி. கிளையிலிருந்து 1993இல் பிறந்தது. இதைக் கணினியில் நிறுவி முடித்தவர்க்கு நெடுங்காலமாகக் கிடைத்துவந்தது ஒரு கறுப்புத் திரையும் பயனர் பெயரைக் கேட்கும் ஒரு வரியுமே. சாளரங்களும் படவுருக்களும் வேண்டுமெனில் நாமே தேர்ந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய கணினி வைத்திருப்போர் அப்போது கேட்கும் முதற்கேள்வி, எந்த மேசைத்தளம் எடை குறைந்தது என்பதாகும். கேள்வி எளியதுதான். ஆனால் எடை என்று எதைச் சொல்கிறோம் எனத் திருப்பிக் கேட்டால், விடை நம்மை நாற்பதாண்டு வரலாற்றுக்குள் இட்டுச் செல்கிறது.

அவ்வரலாறு 1984இல் எம்.ஐ.டி.யில் தொடங்குகிறது. ராபர்ட் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோரின் முயற்சியில் அங்கே எக்ஸ் சாளர முறைமை உருவாயிற்று. அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. இதனை ஆக்கியோர் ஒரு நெறியைக் கைக்கொண்டனர்: திரையில் வரைவதற்கான வழியை மட்டும் தருவது, திரை எப்படித் தோன்ற வேண்டும் என்று விதிக்காதிருப்பது. கோடு வரைதலும், விசை அழுத்தத்தை வாங்கி உரிய நிரலிடம் சேர்த்தலும் எக்ஸின் பணி. சாளரத்துக்குச் சட்டமிடுதல், தலைப்பு எழுதுதல், நகர்த்துதல் ஆகியன சாளர மேலாளர் எனும் வேறொரு நிரலின் பணி. இப்பிரிவினைதான் பின்வந்த பன்மைக்கெல்லாம் வித்து. சாளர மேலாளர் பிடிக்கவில்லையெனில் அதை மட்டும் மாற்றலாம், மற்றவை குலையா.

1987இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய டி.டபிள்யூ.எம். என்ற மேலாளர் எக்ஸுடன் பரவலாக வழங்கியது. 1993இல் ராபர்ட் நேஷன் அதன் நிரலை எடுத்து, நினைவகச் செலவைக் குறைக்கும் நோக்குடன் திருத்தி எஃப்.வி.டபிள்யூ.எம்.மை உருவாக்கினார். கணினிகள் சில மெகாபைட் நினைவகத்தோடு உழன்ற காலம் அது. எடைக் குறைப்பு ஓர் அழகியல் கொள்கையாக இல்லாமல் பிழைப்பின் தேவையாகவே தொடங்கியது. ஃப்ரீபிஎஸ்டியின் உடன்பிறப்பான ஓப்பன்பிஎஸ்டி, இந்த எஃப்.வி.டபிள்யூ.எம்.மின் பழைய பதிப்பொன்றை நெடுங்காலம் தன் இயல்பான மேலாளராகவே வைத்திருந்தது.

மேசைத்தளம் என்ற முழுமையான கருத்து வணிக யூனிக்ஸிலிருந்து வந்தது. ஹெச்.பி., ஐ.பி.எம்., சன் முதலிய நிறுவனங்கள் 1993இல் கைகோத்து, சி.டி.ஈ. எனும் பொது மேசைத்தளத்தை அறிவித்தன. பணிப்பட்டை, கோப்பு மேலாளர், அமைப்புக் கருவிகள் எல்லாம் ஒரே முகத்தோடு அமைந்தன. ஆனால் அது விலைக்கு விற்ற பொருள், 2012இல்தான் திறமூலமாயிற்று. இடைப்பட்ட வெற்றிடத்தை நிரப்பத் தன்னார்வலர் முனைந்தனர். ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவரான மத்தியாஸ் எட்ரிஷ் 1996 அக்டோபரில் கே.டி.ஈ.யை அறிவித்தார். அதற்கு அடித்தளமான கியூட் கருவித்தொகுதியின் உரிமம் முழுச் சுதந்திரம் உடையதன்று என்ற எதிர்ப்பிலிருந்து, 1997இல் மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் குனோமைத் தொடங்கினர்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இன்று எளிய மேசைத்தளம் என்றதும் பலர் நாவில் முதலில் வரும் எக்ஸ்.எஃப்.சி.ஈ., எளிமைக்கெனப் பிறந்ததன்று. 1996இல் ஒலிவியே ஃபூர்தான் அதைத் தொடங்கியது சி.டி.ஈ.யைப் போன்ற ஒன்றை எல்லோர்க்கும் தருவதற்காக. அது சார்ந்திருந்த எக்ஸ்ஃபார்ம்ஸ் கருவித்தொகுதி அப்போது மூலநிரல் மூடியதாக இருந்தமையால் ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸ் வெளியீட்டில் சேர்க்க மறுத்தது. ஃபூர்தான் 1999இல் ஜி.டி.கே. கருவித்தொகுதியைக் கொண்டு முழுவதையும் புதிதாக எழுதினார். பின்னர் கே.டி.ஈ.யும் குனோமும் ஆண்டுக்காண்டு பெருத்தன, எக்ஸ்.எஃப்.சி.ஈ. மெதுவாக வளர்ந்தது. அதற்கு மெலிந்தது என்ற பெயரைத் தேடித் தந்ததில் பிறரின் பருமனுக்கும் பங்குண்டு.

மேசைத்தளமே வேண்டாம், சாளர மேலாளர் போதும் என்ற துறவு மரபும் உடன் வளர்ந்தது. 1997இல் பிராட் ஹியூஸ் எழுதிய பிளாக்பாக்ஸ், அதிலிருந்து 2001இல் கிளைத்த ஃப்ளக்ஸ்பாக்ஸ், அடுத்து வந்த ஓப்பன்பாக்ஸ் ஆகியன இவ்வழியின. ஓப்பன்பாக்ஸை உறுப்பாகக் கொண்டு 2006இல் தைவானின் ஹொங் ஜென் யீ தொடங்கியதே எல்.எக்ஸ்.டி.ஈ. ஜி.டி.கே.யின் மூன்றாம் தலைமுறை தம் நோக்கத்துக்கு மிகக் கனமானதெனக் கண்ட அவர், 2013இல் கியூட்டுக்கு மாறினார். அதன் விளைவு எல்.எக்ஸ்.கியூட். அதற்குள் கியூட்டின் உரிமச் சிக்கலும் தீர்ந்திருந்தது. பெரிய மேசைத்தளத்தின் அடித்தளம் என்று பேர்பெற்ற கியூட்டே மெலிவு நாடுவோர்க்குப் புகலிடமாயிற்று.

தமிழ் எழுதுவோர்க்கு இவ்வரலாற்றில் தனிப் பங்குண்டு. எக்ஸின் பழைய எழுத்துரு முறை, ஒரு குறியெண்ணுக்கு ஓர் உருவமென வரிசையாக அடுக்கிச் செல்லும். ஆங்கிலத்துக்கு அது போதும். யூனிகோடில் 'கொ' என்பது மெய்யும் அதன்பின் வரும் ஒரே உயிர்க்குறியும்; திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். அடுக்கத் தெரிந்த முறைக்குப் பிரித்து நிறுத்தத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்த திஸ்கி அக்காலத்தில் பயன்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். பாங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகம் 2002இல் ஜி.டி.கே.யின் இரண்டாம் தலைமுறையோடு வந்தது. அதன்மேல் 2003இல் எழுந்த எக்ஸ்.எஃப்.சி.ஈ. 4.0, எளிய மேசைத்தளத்துக்கும் இத்திறனைக் கொணர்ந்தது. பாங்கோவுக்கும் எடை உண்டு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்கு அது வீண்சுமையாகத் தோன்றலாம். நமக்கோ அதுவே எழுத்து. ஒருவர் வேண்டாமென இறக்கிவைப்பது மற்றொருவரின் மொழியாக இருக்கக்கூடும்.

ஆகவே மெகாபைட் கணக்கு மட்டும் நமக்கு வழிகாட்டாது. இணைய உலாவியில் சில பக்கங்களைத் திறந்தாலே, மேசைத்தளம் முழுவதும் மிச்சப்படுத்திய நினைவகம் கரைந்துவிடும். ஃப்ரீபிஎஸ்டிக்கு வேறொரு எடையும் உண்டு: சார்பின் எடை. 2011க்குப் பின் குனோம், லினக்ஸுக்கே உரிய சிஸ்டம்டியின் பகுதிகளைச் சார்ந்து வளர்ந்தது. சிஸ்டம்டி இல்லாத பி.எஸ்.டி. உலகில் அதன் ஒவ்வொரு பதிப்பையும் இயங்கச் செய்யத் தன்னார்வலர் ஒட்டுப்போட்டு உழைக்க வேண்டியதாயிற்று. எக்ஸ்.எஃப்.சி.ஈ.யும் சிறு மேலாளர்களும் அங்கே நிலைத்தமைக்கு, அத்தகைய சார்பு குறைவாயிருந்ததும் ஒரு காரணமாகும்.

இப்போது அடித்தளமே மாறிக்கொண்டிருக்கிறது. 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலாண்டு, எக்ஸின் இடத்தைப் பிடித்துவருகிறது. இதில் வரையும் வழங்கியும் சாளர மேலாளரும் ஒரே நிரல். பாதுகாப்பும் சீரான இயக்கமும் இதனால் கூடின. ஆனால் 1987இன் அந்தப் பிரிவினை மறைகிறது; ஒரு தனி மனிதர் சிறு மேலாளரை எழுதி எக்ஸின் தோளில் ஏற்றிய காலம் முன்போல் இல்லை. 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்.எஃப்.சி.ஈ. 4.20, வேலாண்டைச் சோதனை நிலையிலேயே தொட்டது. ஓப்பன்பாக்ஸின் மரபை லேப்டபிள்யூசி என்ற புதிய நிரல் வேலாண்டுக்குள் தொடர்கிறது. கடினமான பொதுப்பணிகளை டபிள்யூஎல்ரூட்ஸ் என்ற நூலகம் ஏற்கிறது. பிரிவினை வேறு வடிவில் மீண்டும் முளைக்க முயல்கிறது எனலாம்.

எந்த மேசைத்தளம் எடை குறைந்தது என்று கேட்பதைவிட, எதை இழந்தால் நம்மால் பணிசெய்ய இயலாது என்று கேட்டுத் தேர்வது நன்று. அவ்வாறு கேட்க இடம் தந்தது எக்ஸை ஆக்கியோர் விதிக்காமல் விட்ட பகுதி. வரவிருக்கும் அடித்தளங்களிலும் அவ்விடம் எஞ்சுமா என்பதே, மெகாபைட்டுகளைவிட நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டியது.