சொல்தா பெட்டியில் ஒரு பைப்

மடுகரைப் பக்கம் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய்வந்த ‘சொல்தா’ தாத்தா யாராவது விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் புகை பைப் ஒன்று கிடைத்தால், சட்டென்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடியில் ‘டென்மார்க்’ என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். (பிடிக்கச் சொல்லவில்லை சாமி, பார்க்கத்தான்!)

டேனிஷ்காரர்கள் நமக்குப் புதுசில்லை. 1620-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1845-ல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனவர்கள். அவர்கள் பைப்பில் பேர் வாங்கியது அதற்கும் நூறு வருஷம் கழித்து!

பைப் செய்யும் மரம் பிரையர். பெயர் பிரெஞ்சிலிருந்து வந்தது. மத்தியதரைக் கடல் ஓரத்துப் புதர் ஒன்றின் வேர்முண்டு அது. நெருப்பு லேசில் தின்னாது. மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் காயவைப்பார்கள். அதன்பின் தொழிற்சாலைகள் இட்லி வார்த்த மாதிரி ஒரே அச்சில் கடைந்து தள்ளும்.

இதை மாற்றியவர் சிக்ஸ்டன் இவார்சன். சுவீடனில் பிறந்து, கோபன்ஹேகனில் பைப் ரிப்பேர் பார்த்தவர். மடுகரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த கடைசி வருஷங்கள் அவை. 1954-ல்தான் அது முடிந்தது. மரத்தின் ரேகை ஓடுகிற வழியில் அவர் கை ஓடியது. அடுத்து வந்த பிரெபென் ஹோம் இன்னும் துணிச்சல்காரர். முண்டின் கரடுமுரடான மேல்பக்கத்தைச் செதுக்காமல் அப்படியே விட்டார். இதுதான் ‘ஃப்ரீஹேண்ட்’. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. 1970-களில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது.

ஹோம் 1989-ல் போய்விட்டார். இனி அவர் பைப் வேண்டுமானால் யாரிடமிருந்தோ கைமாறி வந்தால்தான் உண்டு.

வாயில் வைக்கும் கறுப்பு ரப்பர் பச்சை பாய்ந்திருந்தால் பயப்படாதீர்கள், தேய்த்தால் போய்விடும். கிண்ணத்தை நெருப்பு துளைத்திருந்தால்தான் சிக்கல்.