பந்தை வைத்துவிட்டு ஆசுப்பத்திரிக்குப் போன அணித்தலைவர்

எங்கட டார்ம்ஸ்டாட் 98 கழகம் 1978 ஆம் ஆண்டு முதன்முதலாக புண்டஸ்லீகாவுக்கு ஏறினபோது, அந்த அணியில் விளையாடின கனபேர் பகலில் வேலைக்குப் போய்விட்டு, வேலை முடிந்தபின்தான் பயிற்சிக்கு வந்தவை. "வேலை முடிந்து வந்து விளையாடுறவை" என்று ஜேர்மன்காரர் இன்றைக்கும் அவர்களைச் சொல்லுவினம். அடுத்த வருசமே கீழே இறங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. கோடைகாலச் சுற்றுப்போட்டிகளில் எங்கட பெடியள் பந்தடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு, "இதையெல்லாம் விட்டுட்டுப் படிச்சு டொக்டராக வரலாம்தானே" என்று கரையில் நின்று முணுமுணுக்கிற தாய் தகப்பனையும் பார்க்கிறோம். அவர்களுக்கும் அந்தப் பெடியளுக்கும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றை எழுதுகிறேன்.

உதைபந்தாட்ட வீரராயிருந்து இராணுவ வைத்தியரானவர்களில் பழைய ஆள் ஒருவர் ரொபேர்ட் மில்ஸ்-ரொபேர்ட்ஸ். வேல்ஸ் நாட்டின் பந்துக்காப்பாளர். 1889 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கோப்பையை வென்ற பிறெஸ்டன் அணியில் கோல்கம்பத்தில் நின்றவர். பிறகு தென்னாபிரிக்கப் போருக்கும் முதலாம் உலகப்போருக்கும் வைத்தியராகப் போனார். அவர் போரைத் தேடிப் போனவர். நான் சொல்லவந்தவருக்கோ போர் அவருடைய ஊருக்கே வந்தது. அவர் பெயர் தாலிமெரென் ஆவோ.

1918 சனவரி 28 இல், இன்றைய நாகலாந்தின் மொக்கொக்சுங் பகுதியில் சங்கி என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கிறிஸ்தவ போதகர். குடும்பம் பெரிது, பன்னிரண்டு பிள்ளைகள். குடும்பம் இம்பூர் மிஷனுக்கு இடம்மாறினபிறகு அங்கே துணியைச் சுருட்டிக் கட்டின பந்தைத்தான் உதைத்தார்கள். (எங்கட ஊர் ஒழுங்கையில் வாழைச்சருகுப் பந்து அடித்தவர்களுக்கு இது விளங்கும்.) 1935 இல் தகப்பன் நெருப்புக்காய்ச்சலில் மோசம்போனார். சாகமுதல், "நீ டொக்டராக வந்து எங்கட சனத்துக்கு உதவவேணும்" என்ற மாதிரித் தன்னுடைய ஆசையை மகனிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்போது பெடியனுக்கு வயது பதினேழு.

ஜோர்ஹாட்டில் பள்ளிக்கூடம், கௌஹாத்தியில் கொட்டன் கல்லூரி. போன இடமெல்லாம் பந்தும் கூடவே போனது. கௌஹாத்தியின் மகாரானா கழகத்தில் முன்வரிசையில் நின்றவரைப் பின்னுக்கு இழுத்துத் தடுப்பாட்டத்துக்கு விட்டார்கள். அதுதான் அவருடைய இடமென்று ஆயிற்று. 1942 இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த வருசம் மோகன் பகான் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அது லேசுப்பட்ட கழகமில்லை. 1911 இல் ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெறுங்காலோடு நின்று, சப்பாத்துப் போட்ட ஆங்கிலேய இராணுவ அணியை 2-1 என்று வென்ற கழகம்.

அந்த வருசங்கள் எப்படிப்பட்டவை என்று யோசித்துப் பாருங்கோ. 1943 இல் வங்கப் பஞ்சம். கல்கத்தாத் தெருக்களில் சனம் பட்டினியால் செத்து விழுந்தது. 1944 இல் யப்பானியப் படை கோகிமா வரை வந்து, நாகா மலைகளில் பெரும் சண்டை நடந்தது. 1946 ஓகஸ்டில் கல்கத்தாவில் கலவரம். இதற்குள்ளேதான் இந்த மாணவர் பின்னேரம் பந்தடித்து, இரவில் உடற்கூற்றியல் படித்து, மோகன் பகானின் தலைவராகவும் ஆனார்.

1948 இல் இலண்டன் ஒலிம்பிக். சுதந்திர இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக். (ஜேர்மனிக்கும் யப்பானுக்கும் அந்த முறை அழைப்பே இல்லை.) வெம்பிளி மைதானத்தில் இந்தியக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நடந்தவர் ஆவோதான். உதைபந்தாட்ட அணியின் தலைவரும் அவரே. யூலை 31 இல் பிரான்சோடு விளையாட்டு. இந்திய அணியில் பெரும்பாலானோர் வெறுங்கால். சிலர் துணி சுற்றியிருந்தார்கள். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. எழுபதாவது நிமிடத்தில் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன் அதைச் சமப்படுத்தினார். இந்தியாவுக்கு இரண்டு தண்ட உதை கிடைத்து, இரண்டும் வீணாய்ப்போனது. கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட, 2-1. தோற்றாலும் அங்கத்தைய சனம் கைதட்டி அனுப்பியது. ஏன் சப்பாத்துப் போடவில்லை என்று கேட்ட பத்திரிகைக்காரருக்கு, நாங்கள் விளையாடுவது கால்பந்து, சப்பாத்துப் பந்தில்லை என்ற கருத்தில் ஆவோ பதில் சொன்னதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. ஆர்சனல் கழகம் அவரை ஒரு வருடத்துக்குக் கேட்டதாகவும், படிப்பை முடிக்கவேணும் என்று அவர் மறுத்ததாகவும் எழுதியிருக்கிறார்கள்.

1950 இல் வைத்தியரானார். கல்கத்தாவில் இருந்திருக்கலாம்; பெயரும் இருந்தது, கழகமும் விடாது. ஆனால் அசாமில் கொஞ்சக்காலம் வேலை செய்துவிட்டு, கோகிமாவின் சிவில் ஆசுப்பத்திரிக்கு உதவிச் சத்திரவைத்தியராகப் போனார்.

அங்கேதான் போர் அவரைத் தேடி வந்தது. இராணுவச் சீருடை அவர் போட்டதில்லை. ஆனால் 1950களின் நடுவில் நாகா மலைகளில் ஆயுதப் போராட்டம் மூண்டது. 1956 இல் இராணுவம் இறங்கியது. 1958 இல் படைகளுக்கு விசேட அதிகாரம் கொடுக்கும் சட்டம் வந்தது. 1964 இல்தான் ஒரு போர்நிறுத்தம். சுற்றிவளைப்பு, ஊர்விட்டு ஊர் ஓடுதல் என்பவற்றை இந்த மலர் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்படியான இடத்தில் அரசாங்க ஆசுப்பத்திரியில் வேலை செய்கிற உள்ளூர் வைத்தியர் எந்தப் பக்கத்து ஆள் என்று இரண்டு பக்கமும் பார்க்கும். எங்கட ஊரில் அப்படி நின்ற வைத்தியர்களை நாங்கள் அறிவோம். குண்டு விழுகிற நேரத்தில் ஆசுப்பத்திரியை விட்டுப் போகாதவர்களின் பெருமை, விளையாட்டுப் பெருமையைவிட ஒரு படி மேல் என்பது என் அபிப்பிராயம்.

1963 டிசம்பர் 1 இல் நாகலாந்து தனி மாநிலமானபோது, அதன் முதல் சுகாதார சேவைப் பணிப்பாளர் டொக்டர் ஆவோதான். மலைப்பாதை, போக்குவரத்து வசதி குறைவு, வைத்தியர் தட்டுப்பாடு. பதினைந்து வருசம் அந்தப் பொறுப்பில் இருந்து 1978 இல் ஓய்வுபெற்றார். 1998 செப்டெம்பர் 13 இல், எண்பது வயதில் காலமானார்.

கனகாலம் பெரிதாய் ஒருவரும் அவரை நினைக்கவில்லை. 2009 இல் வடகிழக்கு மாநிலங்களுக்கிடையிலான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றுக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். அந்தக் கோப்பையின் பெயர் "டொக்டர் ரீ. ஆவோ கோப்பை". பந்தாட்டக் கோப்பையென்றாலும் பெயருக்கு முன்னால் டொக்டர் என்பதை விடாமல்தான் எழுதுகிறார்கள்.